பிடித்த இயக்குநர் வைத்துக்கொள்வது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிடித்த நடிகர் என்பவர் பிறக்கும்போதே அமைந்துவிடுகிறார். தாய்மாமன் யாருடைய ரசிகரோ அவர். மாமனோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால் அவருக்குப் போட்டியாளர். அஞ்சாம் வகுப்புக்குள் இந்த விவகாரம் முடிந்துவிடும், அப்புறம் ஆயுளுக்கும் மாறாது. பிடித்த இயக்குநர் அப்படித் தானாக வருகிறவர் இல்லை. தேடித்தான் வைத்துக்கொள்ள வேண்டும், வைத்துக்கொண்ட பிறகு பராமரிக்கவும் வேண்டும்.

எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கலாம். முன்பெல்லாம் பெண் பார்க்கப் போனால் சம்பளம் கேட்பார்கள், நிலம் கேட்பார்கள். இப்போது பெண்ணையும் பையனையும் மொட்டை மாடிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே அந்தப் பெண், "உங்களுக்குப் பிடிச்ச டைரக்டர் யாருங்க?" என்று கேட்டுவிடுகிறாள். பையன் ஒரு நடிகர் பெயரைச் சொல்கிறான். கீழே கேசரி ஆறிக்கொண்டிருக்கிறது. இப்படிக் கைநழுவிய சம்பந்தங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது இந்தக் கையேடு.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

மணிரத்னம் என்று சொல்ல வேண்டாம். தப்பில்லைதான், ஆனால் கேட்பவரும் அவரையே வைத்திருப்பார், அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. ஸ்ரீதர், பாலசந்தர் என்றால் உங்கள் ஜாதகத்தை வாங்கி வயதை மறுபடி சரிபார்ப்பார்கள். வெளிநாட்டுப் பெயர் ஒன்றை எடுத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். குரோசவா, தார்க்கோவ்ஸ்கி எல்லாம் கீரனூர் தாண்டி, திருச்சிப் பக்கம் போனால் எடுபடும். கீரனூருக்கு இந்தப் பக்கம், "அந்தப் படத்தோட கதை என்ன மாப்ள?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தார்க்கோவ்ஸ்கி படத்தின் கதையைச் சொல்லி முடித்தவர் நம் மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

தொடக்கநிலையினருக்கு ஏற்றவர் மகேந்திரன். முதல் வசதி, சிக்கனம். 1978-இல் வந்த 'முள்ளும் மலரும்' தொடங்கி 2006-இல் வந்த 'சாசனம்' வரை மொத்தமே 12 படங்கள். இரண்டாவது வசதி, அவரை மறுத்துப் பேச யாரும் துணிவதில்லை. 'உதிரிப்பூக்கள்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மிடறு டீ குடியுங்கள். டம்ளரைக் கீழே வையுங்கள். ரோட்டைப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள். எதிரில் இருப்பவரும் ரோட்டைப் பார்ப்பார். படத்தை இரண்டு பேருமே பார்க்காமலிருந்தாலும் இந்தக் காட்சி நன்றாகவே வரும்.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்த படம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "படிச்சிருக்கீங்களா?" என்று யாராவது மடக்கினால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் படித்தே விடுங்கள். சின்னக் கதைதான். புதுக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சியில் இறங்குவதற்குள் முடிந்துவிடும். படித்தால் ஒரு சங்கடம் உண்டு. படத்தில் நீங்கள் ரோட்டைப் பார்த்து வியந்த எதுவும் கதையில் இருக்காது. இரண்டு பிள்ளைகளையும் அந்த வீட்டுக்குள் வரும் இன்னொரு பெண்ணையும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் மகேந்திரன் தானே கட்டியிருக்கிறார். எழுத்தாளர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வார்கள். ஒரு இயக்குநருக்குக் கதை எதற்குத் தேவைப்படுகிறது என்பது எனக்கு விளங்கியது இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான்.

ஓர் எச்சரிக்கை. 'முள்ளும் மலரும்' படத்தின் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. மகேந்திரனையும் பாலு மகேந்திராவையும் ஒருவராக்கிவிடும் பழக்கம் அன்னவாசல், இலுப்பூர் வட்டாரங்களில் இன்னும் இருக்கிறது. முன்னவர் இளையான்குடிக்காரர், பின்னவர் இலங்கையின் மட்டக்களப்பிலிருந்து வந்தவர். 'வீடு' எடுத்தது பின்னவர். இதைக் குழப்பினால் கேசரி மட்டுமல்ல, காபியும் வராது.

'சாசனம்' செட்டிநாட்டில் சுவீகாரம் போகிறவரின் கதை. ராயவரம், கடியாபட்டிப் பக்கத்து ஆச்சிமார் இருக்கும் சபையில் அந்தப் பெயரை எடுத்தால் போதும். படத்தை விட்டுவிட்டு, யார் வீட்டுக்கு யார் எந்த வருஷம் சுவீகாரம் வந்தார், வந்தபின் வளவு வீட்டுச் சாவி யாரிடம் போயிற்று என்று பேச்சு திரும்பிவிடும். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே ரசனையுள்ள பிள்ளை என்று பெயர் வாங்கிவிடலாம்.

மண்ணின் மைந்தரைப் பிடித்துக்கொள்ளுதல்

மேலே சொன்ன தேர்வுரிமை திருமயம் வட்டத்தாருக்குப் பொருந்தாது. அவர்களுக்கு இயக்குநர் ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்டுவிட்டார். விராச்சிலையில் பிறந்த பாண்டிராஜ், சொந்த ஊரையே களமாக்கி 2009-இல் 'பசங்க' எடுத்தார். சசிகுமார் தயாரித்த படம். அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த வசனம், சிறந்த குழந்தை நட்சத்திரங்கள் என்று மூன்று கிடைத்தன. படப்பிடிப்பின்போது ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மூலையில் அந்தப் படத்தில் இருக்கிறார்கள். அப்போது ஊரில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். "அந்தா, சைக்கிள் போகுது பாரு, அது நம்ம சைக்கிள்" என்பார்கள். மறுத்துவிடாதீர்கள். சைக்கிள் என்னவோ போகத்தான் செய்கிறது.

உறவு கொண்டாடுவதற்கு முறை உண்டு. விராச்சிலைக்காரர் 'பங்காளி' என்று சொல்லலாம். திருமயத்துக்காரர் 'ஒண்ணாப் படிச்சோம்' வரை போகலாம். பொன்னமராவதிக்காரர் 'ஒரே பஸ்ஸுல வருவாப்ல' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அறந்தாங்கிக்காரருக்கு 'நம்ம மாவட்டம்' மட்டுமே அனுமதி. மீமிசல் தாண்டிக் கடலோரத்தில் இருப்பவர்கள் 'எல்லாம் ஒரே மண்ணுதானே' என்று பொதுவாகச் சொல்லிக் கலந்துகொள்ளலாம். 'கடைக்குட்டி சிங்கம்' (2018) ஓடிய சமயத்தில் 'ஒண்ணாப் படித்தவர்கள்' எண்ணிக்கை எந்த அரசுப் பள்ளி வகுப்பறையிலும் அடங்காத அளவுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே 'நம்ம வீட்டுப் பிள்ளை' வந்தபோது ஆசிரியர்களும் பெருகினார்கள்.

இவ்வளவு உறவு கொண்டாடுகிறவர்கள் 'பசங்க' படத்தில் எது நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "எல்லாமே நம்ம ஊருல எடுத்ததுதான்" என்பது பதில். நான் சொல்கிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்புப் பையன்களுக்குள் நடக்கும் அரசியலை, சட்டமன்ற அரசியலுக்கு உரிய முக்கியத்துவத்தோடு எழுதியதுதான் அதன் சாமர்த்தியம். குழந்தைகளை வைத்துப் படம் எடுக்கிறவர்கள் வழக்கமாக ஒன்று அவர்களைக் கொஞ்சுவார்கள், இல்லை அவர்கள் வாயில் கிழவன் பேச்சைத் திணிப்பார்கள். இதில் பையன்கள் கர்வத்தோடு விரோதம் பாராட்டுகிறார்கள், அந்த விரோதம் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து பெரியவர்களையும் தொற்றிக்கொள்கிறது. வசனத்துக்கு விருது கொடுத்தவர்கள் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

பாண்டிராஜ் அடுத்து எடுத்த படத்தின் பெயர் 'வம்சம்' (2010). நாமும் வம்சத்துக்கு வருவோம்.

கொடிவழி ஒப்பித்தல்

நம் பக்கத்தில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லும்போது அவர் என்ன செய்கிறார் என்பது பின்னால் வரும். யார் மகன், எந்த வீட்டு மாப்பிள்ளை என்பது முதலில். இயக்குநர் விஷயத்தில் இந்தக் குணத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். யார் யாரிடம் உதவி இயக்குநராக இருந்தார் என்ற பட்டியலைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவரிடம் தேநீர்க் கடையில் யாரும் குறுக்கே பேச முடியாது.

பாண்டிராஜ், சேரனிடம் இருந்தவர். சேரன், கே.எஸ். ரவிக்குமாரிடம். ரவிக்குமார், விக்ரமனின் 'புது வசந்தம்' படத்தில் வேலை பார்த்தவர். விக்ரமன், மணிவண்ணனிடம். மணிவண்ணன், பாரதிராஜாவிடம். பாரதிராஜா, கன்னடத்துப் புட்டண்ண கனகலிடம். புட்டண்ண கனகல், பி.ஆர். பந்துலுவிடம். இதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். காலையில் வெறும் வயிற்றில் சொன்னால் நல்லது.

பந்துலு வந்ததும் நிறுத்திவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். ஏனென்றால் அடுத்த நிமிஷம் யாராவது, "யாரு, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்தாரே அவரா?" என்பார்கள். ஆமாம், 1959. கட்டபொம்மன் பிடிபட்டது நம் திருக்களம்பூர்க் காட்டில். பிடித்துக்கொடுத்தது நம் சமஸ்தானத்துத் தொண்டைமான் தரப்பு. கயத்தாற்றில் தூக்கு, 1799. இந்தப் பேச்சு வந்தால் எட்டயபுரத்துப் பக்கம் கையைக் காட்டிவிடுவது இருநூறு வருஷ வழக்கம். நீங்களும் அதையே செய்யுங்கள். ஆனாலும் அந்தக் கதையைப் படமாக்கியவரின் சீடப்பரம்பரை கன்னடம் போய், தேனி வந்து, கோயம்புத்தூர், தென்காசி, மேலூர் எல்லாம் சுற்றி, கடைசியில் திருமயம் கோட்டைக்குப் பக்கத்து ஊரிலேயே வந்து நிற்கிறதே, அதை மட்டும் நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். வாய்விட்டு வேண்டாம்.

இதே படத்தை வைத்து ஒரு தேர்வும் நடத்தலாம். பள்ளி ஆண்டுவிழா என்றால் ஒட்டு மீசையோடு ஒரு பையன் மேடையேறி ஜாக்சன் துரையைப் பார்த்து முழங்குவான். மூன்று தலைமுறையாக முழங்குகிறார்கள். சிவாஜிக்குக் கைதட்டுகிறோம், பையனுக்குக் கைதட்டுகிறோம், மீசை ஒட்டிய டிராயிங் சாருக்குக்கூட நன்றி சொல்கிறோம். அந்த வசனத்தை எழுதியவர் பெயரைக் கேட்டால் மண்டபம் அமைதியாகிவிடும். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. இனி நீங்கள் மட்டும் சொல்வீர்கள்.

பெரியவர்கள் இருக்கும் இடத்தில்

எண்பது தாண்டிய தாத்தா ஒருவர் சபையில் இருந்தால் உங்கள் மகேந்திரன் செல்லாது. அங்கே பி.யு. சின்னப்பாதான். 'பி' என்றால் புதுக்கோட்டை, 'யு' என்றால் உலகநாதபிள்ளை என்று ஆரம்பித்துவிடுங்கள். அவர் ஊரில் வீடு வாங்கி வீடு வாங்கி, இனிமேல் வாங்கக்கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை உண்டு. தாத்தா அதைச் சொல்லத் தொடங்குவார். குறுக்கே விழாதீர்கள். அவர் சொல்லி முடித்ததும் பேச்சை நைசாகக் கேமராவுக்குப் பின்னால் திருப்ப வேண்டும். அங்கேதான் உங்கள் திறமை இருக்கிறது.

எப்படி என்றால், 'உத்தமபுத்திரன்' (1940) படத்தில் சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் இயக்கம். 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்திலோ ஐந்து சின்னப்பாக்கள் உட்கார்ந்து கச்சேரியே செய்வார்கள். பாடுவது ஒருவர், பக்கவாத்தியமெல்லாம் மற்றவர்கள், எல்லாம் அவரே. தாத்தா இதை நினைத்து எழுபது வருஷமாகப் பூரிக்கிறார். "அஞ்சு பேரையும் ஒரே சட்டத்துக்குள்ள எப்படித் தாத்தா கொண்டுவந்திருப்பாங்க?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் கிடையாது. அந்தக் காலத்து முறை என்னவென்றால், லென்ஸுக்கு முன்னால் கறுப்புத் தட்டி வைத்துச் சட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் திறந்து எடுப்பார்கள். பிறகு கேமராவுக்குள்ளேயே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, எடுத்த இடத்தை மூடி, அடுத்த பகுதியைத் திறந்து மறுபடி எடுப்பார்கள். கேமராவின் கால் நூலளவு நகர்ந்தாலும் கோடு தெரிந்துவிடும். ஒரு தடவை தாளம் தப்பினால் முன்பு எடுத்ததெல்லாம் குப்பைக்கு. நடிகர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்காரலாம். கேமராக்காரர் எத்தனை சுற்று பின்னால் சுற்றினோம் என்று எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும்.

தாத்தா கொஞ்ச நேரம் யோசிப்பார். "அதெல்லாம் சின்னப்பா பண்ணுனதுடா" என்பார். பரவாயில்லை. விதை போட்டாயிற்று.

'கண்ணகி' (1942) பேச்சு வந்தால் இளங்கோவன் வசனம் என்று ஒரு வரி போடுங்கள். தாத்தாவே நிமிர்ந்து உட்கார்வார். வசனம் எழுதியவருக்காகவும் ஜனம் டிக்கெட் வாங்கும் என்பது இளங்கோவன் காலத்தில்தான் தொடங்கியது.

இதே சபையில் ஜெமினி கணேசன் பெயரும் வரும். 1920-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். எல்லோரும் காதல் மன்னன் பகுதியையே பேசுவார்கள். நீங்கள் ஜெமினி ஸ்டூடியோவில் அவர் பார்த்த ஆபீஸ் வேலையைப் பேசுங்கள். கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஜெமினிக்குப் போனவருக்கு, நடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களின் புகைப்படங்களைப் பார்த்து, நேரில் பேசி, ஆள் தேறுமா தேறாதா என்று சொல்லும் பிரிவில் வேலை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களின் முகத்துக்கு மார்க் போட்டவர், 1947-இல் 'மிஸ் மாலினி'யில் சின்ன வேஷத்தில் எட்டிப்பார்த்தார். அந்தப் படத்தின் கதை ஆர்.கே. நாராயண், இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. சுப்பு பின்னாளில் 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியவர், 'ஔவையார்' (1953) படத்தை இயக்கியவர். 'சந்திரலேகா'வின் (1948) கதையைச் செதுக்கிய ஜெமினி கதை இலாகாவிலும் இருந்தவர். கதையை மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து யோசிக்கும் ஓர் இலாகா! இன்றைய உதவி இயக்குநர்கள் இதைக் கேட்டால் கண்ணீர் விடுவார்கள், யோசிப்பதற்காக அல்ல, மாதச் சம்பளத்துக்காக.

காரைக்குடிக்காரர் யாராவது அங்கே இருந்தால் பேச்சை உடனே முடித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஏவி.எம். இருக்கிறது. 'நாம் இருவர்' (1947) காரைக்குடி ஸ்டூடியோவிலேயே எடுத்தது, எஸ்.பி. முத்துராமன் அவ்வூர்க்காரர் என்று நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்து நம்மை அமுக்கிவிடுவார்கள். பதிலுக்குச் சொல்ல நம்மிடம் 'புதுக்கோட்டையிலிருந்து சரவணன்' (2004) இருக்கிறது. எஸ்.எஸ். ஸ்டான்லி இயக்கிய படம். ஆனால் கதாநாயகன் புதுக்கோட்டையை விட்டுச் சிங்கப்பூர் போய்விடுகிறான். நம் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் செய்வதுதான் என்றாலும், வாதத்தில் நிற்காது.

இன்னும் பின்னால் போதல்

இயக்குநரோடு நின்றுவிட்டால் நீங்கள் நடுத்தர ரசிகர். மேலே போக ஆசைப்படுகிறவர்கள் தொழில்நுட்பக் கலைஞர்களைப் பிடிக்க வேண்டும். இதில் பெரும்பாலானோர் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்: "எடிட்டிங் இன்னும் கொஞ்சம் ஷார்ப்பா இருந்திருக்கலாம்." எந்தப் படத்துக்கும் பொருந்தும், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அநியாயம். படம் மூன்று மணி நேரம் ஓடுகிறதென்றால் அதற்குப் படத்தொகுப்பாளர் காரணமாக இருப்பது அபூர்வம். கதாநாயகன் நடந்துவரும் காட்சியை வெட்டட்டுமா என்று கேட்டவர் அவராகத்தான் இருப்பார். வேண்டாம் என்றவர்கள் பட்டியல் நீளமானது, அவர்கள் பெயரெல்லாம் போஸ்டரில் பெரிதாக இருக்கும். இயக்குநர் பீம்சிங்கின் மகன் லெனின் தெரியுமா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வி.டி. விஜயனோடு சேர்ந்து அவர் தொகுத்த படங்களை நாம் டூரிங் கொட்டகைக் காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் அங்கே போட்டி குறைவு. 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980) படத்துக்குத் தேசிய விருது மூன்று. சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவுக்காக அசோக்குமார், ஒலிப்பதிவுக்காக எஸ்.பி. ராமநாதன். மூன்றாவது பெயரை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். "யாரு?" என்பார்கள். "சவுண்டு" என்று மட்டும் சொல்லுங்கள். மரியாதை தானாக வரும். கலை இயக்கத்துக்குத் தோட்டா தரணி. 'நாயகன்' (1987) படத்தில் பம்பாய்த் தாராவி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் சந்துகளில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். இதைச் சொன்னதும் பம்பாய் போய்வந்த சித்தப்பா ஒருவர், "நான் அந்தச் சந்துல நடந்திருக்கேன்" என்பார். அவரை ஒன்றும் செய்ய முடியாது.

பயிற்சிக்கு நம் மாவட்டத்திலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று சித்தன்னவாசல். தாமரைக்குளத்து ஓவியத்தைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, வெளியே வந்து நுங்கு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அவனிபசேகரன் என்னும் ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், உள் மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்ததாகச் சொல்கிறது. திருப்பணி செய்வித்தவர் பெயர் இருக்கிறது. நாட்டையாண்ட ராஜா பெயர் இருக்கிறது. குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆளை வரைந்தவர் பெயர் இல்லை. இப்போது அங்கே நிற்கும் முன்மண்டபத் தூண்கள்கூடக் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து சமஸ்தானக் காலத்தில் நிறுத்தியவை; அதற்கு உத்தரவு போட்ட டாட்டன்ஹாம் துரையின் பெயர் தெரிகிறது, தூக்கிவந்து நிமிர்த்தியவர்கள் பெயர் தெரிகிறதா? படத்துக்குப் படம் இதே கதைதான்.

இரண்டாவது இடம் அந்தக் குடுமியான்மலையேதான். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஏழு பண்களுக்கான சுரங்களைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு எழுத்து. கடைசியில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ருத்ராசார்யரின் சீடனான, பரம மாகேசுவரனான ஓர் அரசன், கற்கிறவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று. அரசன் தன் பெயரைப் போடவில்லை. வாத்தியார் பெயரைப் போட்டிருக்கிறான். எந்த அரசன் என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், ருத்ராசார்யர் நிம்மதியாக இருக்கிறார். உதவி இயக்குநராக இருந்தவர் முதல் படம் எடுக்கும்போது டைட்டில் கார்டில் குருவுக்கு எங்கே, எந்த அளவில் நன்றி போடுவது என்று தவிக்கிறாரே, அவரை ஒரு முறை குடுமியான்மலைக்குக் கூட்டிவரலாம். வரும் வழியில் முட்டை மாஸ் வாங்கிக்கொடுங்கள்.

வீட்டில் ஓர் உதவி இயக்குநர் இருந்தால்

இந்தக் கையேட்டை இதுவரை படித்துவிட்டுச் சிலருக்குத் தாமே இயக்குநராகலாம் என்று தோன்றியிருக்கும். அது வேறு நோய். அதற்கான முதலுதவி அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. ஜெமினியில் வேலை பார்த்தவர் எழுதிய நாவல். படப்பிடிப்புக்குக் கார் அனுப்புவது, டிபன் வாங்குவது, வராத நடிகைக்காகக் காத்திருப்பது என்று ஓடும் புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜனைப் படித்த பிறகும் போக வேண்டும் என்று ஒருவன் சொன்னால், அவனைத் தடுக்காதீர்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அவன் சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நாலு பேரோடு ஒரு ரூமில் இருப்பான். போனில் கேட்டால் "டிஸ்கஷன்ல இருக்கேன் மாமா" என்பான். டிஸ்கஷன் என்றால் என்ன என்று கேட்காதீர்கள். அவனுக்கும் சரியாகத் தெரியாது. படம் எப்போது என்று அக்கா கேட்பாள், ஷெட்யூல் போடுகிறார்கள் என்பான். ஷெட்யூல் போட்டால் ஹீரோ தேதி இல்லை. தேதி வந்தால் மழை. கிளாப் அடிப்பது, ஆர்டிஸ்ட் சட்டையில் நேற்று எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று குறித்துவைப்பது, கூட்டத்தை ஒதுக்குவது, இயக்குநர் திட்டும்போது அருகில் நிற்பது, இவைதான் அவன் வேலை. நடுவில் தீபாவளிக்கு ஊர் வருவான். "என்ன மாப்ள, எந்த ஹீரோயினப் பாத்த?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவன் பார்த்ததெல்லாம் சட்டைப் பொத்தான்.

ஒருநாள் படம் வந்துவிடும். குடும்பத்தோடு போகப்போகிறீர்கள். இதுதான் இந்தக் கையேட்டின் கடைசிப் பாடம், முன்னேற்பாடு முக்கியம். நம் ஊர்த் தியேட்டர்களில் கதாநாயகனும் நாயகியும் சேர்ந்த அடுத்த கணம் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, துடைப்பத்தோடு ஆள் உள்ளே வந்துவிடுவார். பெயர்கள் வெள்ளை வெளிச்சத்தில் மங்கி ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கிங்கில் வண்டியெடுக்கும் போட்டியில் யாருக்கும் திரையைப் பார்க்க நேரமிருக்காது. எனவே இடைவேளையிலேயே ஆபரேட்டர் ரூமுக்குப் போய்விடுங்கள். "அண்ணே, நம்ம ஊருப் பையன் பேரு வருது, கடைசி வரைக்கும் ஓட்டுங்க" என்று சொல்லுங்கள். நம் ஊர்ப் பையன் என்றால் ஓட்டுவார். கேட்டைத் திறக்கும் ஆளிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் சொன்னால் அவர் கேட்கமாட்டார். அத்தையைப் படிக்கட்டு ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள், கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். செருப்பைக் காணோம் என்று சொல்லி யாரேனும் ஒருவர் வரிசையை மறித்து நின்றுகொள்வது நல்லது.

பெயர்கள் கீழிருந்து மேலே வேகமாகப் போகும். உதவி இயக்குநர்கள் எட்டுப் பேர் இருப்பார்கள். அவன் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ இருப்பான். ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டிருந்தால் சுலபமாகத் தெரியும், சின்னப்பாவுக்கு ஒரு 'பி' இருந்த மாதிரி. இல்லாவிட்டால் பெயரில் ஏதோ எழுத்தை மாற்றி வைத்திருப்பான், எண் ஜோதிடர் சொன்னார் என்று. விசில் அடிக்கக் காத்திருக்கும் தம்பிமார்களுக்குச் சொல்லிவையுங்கள்: எங்கே வருவான் என்று தெரியாததால் மேக்கப் உதவியாளர், டிரைவர், லைட்மேன், சாப்பாடு போட்டவர் என்று மேலே போகிற எல்லாப் பெயருக்கும் அடித்துக்கொண்டே இருக்கட்டும், அவன் பெயரும் அதற்குள் எங்காவது போய்விடும்.